விற்பதற்கு முதல் காணியை ஒருக்கால் அளந்து பாருங்கள்: வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காபறோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் பாரிஸிலும் ஒஸ்லோவிலும் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்தில் காணி வைத்திருக்கிற அண்ணைமார், அக்காமார், மச்சான், மச்சாள்மார், பெறாமக்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் வலிகாமத்தில் இருக்கிறேன். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஊரில் மிஞ்சி நிற்கிற ஆள் என்றபடியால் எங்கள் குறிச்சியில் ஏழெட்டுக் குடும்பங்களின் காணிகளை நான்தான் போய்ப் பார்த்து வருகிறேன். இரண்டு பேர் தங்கள் சார்பில் காணி விஷயம் பார்க்க அற்றோணித் தத்துவமும் எழுதித் தந்திருக்கிறார்கள். அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை, சொந்தத்துக்குச் செய்கிற வேலைதானே. ஆனால் ஒரே விஷயத்தை வட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன், அதனால் இப்போது எல்லோருக்கும் பொதுவில் எழுதுகிறேன்.

போன மாசியில் ஒரு நாள் இரவு கனடாவில் இருந்து அழைப்பு. "மச்சாள், நாளைக்கு ஒருவர் வருவார், அம்மாவின்ரை காணியைக் காட்டி விடுங்கோ. எல்லைதான் உங்களுக்குத் தெரியுமே." சரி என்று காலையில் போனேன். வாங்க வந்தவர் நல்ல மனிதர், வவுனியாவில் இருந்து மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வளவு முழுக்க நாயுண்ணிப் பற்றை, நடுவில் வடலி, கூரை இல்லாத ஒரு சுவர். தெற்குப் பக்கம் நாலு பூவரசு நிற்கிறது, அது பழைய வேலிக்கு நட்ட கதியால் தடி வளர்ந்து மரமானதா, அல்லது பக்கத்து வளவுக்காரர் வைத்ததா என்று யாருக்குத் தெரியும்? அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "எல்லை எது அம்மா?" கையில் காணி உறுதிப் பத்திரத்தின் பிரதி இருக்கிறது. அதில் வடக்கே இன்னாருடைய ஆட்சி, மேற்கே இன்னாருடைய ஆட்சி என்று வடிவாக எழுதியிருக்கிறது. அந்த வடக்குக்காரர் 1978இல் காலமாகிவிட்டார், அவருடைய ஐந்து பிள்ளைகளும் ஐந்து நாட்டில். மேற்குக்காரரின் காணி இரண்டு கை மாறிவிட்டது. நான் அந்த மனிதருக்கு என்ன பதில் சொல்வது? தெரியாது என்றேன். அவர் போய்விட்டார். அன்று பின்னேரம் மச்சாள் என்னோடு கோபித்துக்கொண்டா, வந்த ஆளை நான் துரத்திவிட்டேனாம்.

நான் துரத்தவில்லை. தெரியாத எல்லையைத் தெரிந்த மாதிரிக் கைநீட்டிக் காட்டினால் என்ன நடக்கும் என்பதை நான் என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும்.

என் அம்மாவின் சீதனக் காணி வலிகாமம் வடக்கில். 1990 ஆனியில் கையில் எடுத்த சாமானோடு வெளிக்கிட்ட சனத்தில் நாங்களும் ஒரு குடும்பம். அதன் பிறகு அது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம், உள்ளே கால் வைக்க முடியாது. 2017இல் மயிலிட்டித் துறைமுகப் பக்கம் விடப்பட்டதை அறிந்திருப்பீர்கள், அந்தக் காலத்திலேயே துண்டு துண்டாக விட்ட காணிகளில் எங்களுடையதும் வந்தது. 27 வருடத்துக்குப் பிறகு போய்ப் பார்த்தால் வீடு இல்லை, வேலி இல்லை, ஒழுங்கை போன இடமே மாறிக் கிடந்தது. கிணறு மட்டும் இருந்தது, அதுவும் பாதி தூர்ந்து. அம்மா அந்தக் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு கன நேரம் நின்றா.

2018இல் வேலி அடைத்தோம். உறுதியில் 3 பரப்பு 5 குழி (18 குழி ஒரு பரப்பு) என்று இருந்தது, அது குறையக்கூடாது என்ற ஒரே நினைப்பில் நாடா பிடித்து, கிணற்றில் இருந்து அம்மா சொன்ன கணக்கு, எனக்கு ஞாபகத்தில் இருந்த ஒரு வேப்ப மரம், இவற்றை வைத்துக்கொண்டு நாங்களே கதியால் போட்டோம். பக்கத்து வளவு ஆச்சி அப்போது தற்காலிகக் கொட்டில் ஒன்றில் இருந்தா. அவ வந்து பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல்தான் சொன்னா: "பிள்ளை, பின்பக்கம் நாலஞ்சடி என்ரை பக்கம் வந்திட்டியள் போல கிடக்கு." அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருடம் அகதியாய்த் திரிந்து வந்த காணியில் முதல் நாளே ஒருத்தி உரிமை கேட்கிறாளே என்ற ஆத்திரம். வார்த்தை தடித்தது. அதோடு இரண்டு பேரும் கதைக்கவில்லை, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், ஒருவர் கலியாணத்துக்கு மற்றவர் பலகாரம் சுட்டவர்கள். 2021இல் அம்மா போய்விட்டா. செத்தவீட்டுக்கு ஆச்சி வந்து, படலைக்கு வெளியே நின்றுவிட்டுப் போனா.

அடுத்த வருடம், பெற்றோல் வரிசை கொஞ்சம் குறைந்த புரட்டாதியில், நான் ஒரு பதிவு பெற்ற நில அளவையாளரைப் பிடித்தேன். தம்பி ரொறன்ரோவில் இருக்கிறான், அப்பாவின் சாமான்கள் இருந்த சூட்கேசைக் கிண்டியபோது 1964இல் கீறிய பிளான் ஒன்று அகப்பட்டது என்று படம் எடுத்து அனுப்பினான். இத்தனை காலமும் அந்தத் தாள் பனிக்குளிர் நாட்டில் ஒரு கட்டிலுக்குக் கீழே கிடந்திருக்கிறது. மூலப் பிளானையே கூரியரில் அனுப்பச் சொன்னேன்.

அந்த நாளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அளப்பது என்றால் நாடாவைப் பிடித்து இழுப்பது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர் காலை ஏழரைக்கு இரண்டு உதவியாளரோடு வந்தார். வந்தவுடன் கருவியை இறக்கவில்லை. கிணற்றுக் கட்டில் இருந்து அரை மணித்தியாலம் உறுதிகளை வாசித்தார். இப்போதைய உறுதி மட்டுமல்ல, அதற்கு முந்திய தாய் உறுதியையும் கேட்டு வாங்கி வாசித்தார். பிறகு ஒழுங்கை வழியே நடந்தார், நாலு பக்கமும் சுற்றினார், ஆச்சியிடம் தானே போய் "அம்மா, உங்களுக்குத் தெரிந்த எல்லையை நீங்கள் காட்டுங்கோ" என்றார். ஆச்சி தடியை ஊன்றிக்கொண்டு வந்து வேம்புக்குக் கிட்ட ஓரிடத்தைத் தட்டிக் காட்டினா. அங்கே ஒன்றும் இல்லை, வெறும் மண். உதவியாளர் அலவாங்கால் குத்தினார். ஒன்றரை அடி ஆழத்தில் டிங் என்று சத்தம். மண்ணை விலக்கினால் வேர் சுற்றிப் பிடித்தபடி ஒரு பழைய எல்லைக் கல்.

எனக்குக் கை நடுங்கியது.

அதற்குப் பிறகுதான் முக்காலியில் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியைப் பூட்டி, ஒரு பையன் கண்ணாடித் தடியை ஒவ்வொரு மூலையிலும் பிடிக்க, கிணறு, கல், மரம், ஒழுங்கையின் இரண்டு ஓரம், பக்கத்து வளவுச் சுவர் என்று எல்லாவற்றையும் பதிந்தார். இரண்டு கிழமை கழித்து 1964ஆம் ஆண்டுப் பிளானைப் புதிய அளவைக்கு மேலே பொருத்திக் காட்டினார். கிணறு கிணற்றின் மேல் இருந்தது. கல்லும் இன்னொரு மூலையும் சரியாக விழுந்தன. எங்கள் வேலி மட்டும் விழவில்லை. முன்பக்கம் சரியாகத் தொடங்கி, 140 அடி பின்னுக்குப் போகப் போகச் சரிந்து, கடைசியில் 5 அடி ஆச்சியின் வளவுக்குள் போயிருந்தது. முக்கோணம்தானே, 140ஐ 5ஆல் பெருக்கி இரண்டால் பிரித்தால் 350 சதுர அடி. ஒரு குழி என்பது 151 சதுர அடியும் கொஞ்சமும், ஆக 2 குழிக்கு மேல். ஆச்சி சொன்னது சரி. நாங்கள்தான் பிழை. அம்மாவுக்கு அதைச் சொல்ல அம்மா இல்லை.

வேலியை அதே கிழமை பிடுங்கி உள்ளே போட்டேன். ஆச்சி பார்த்துக்கொண்டு நின்றா, பிறகு உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து தந்தா.

இனி அந்தக் காணியின் கணக்கு. உறுதியில் 3 பரப்பு 5 குழி, அதாவது 59 குழி. 1964ஆம் ஆண்டுப் பிளானில் அளந்து போட்டிருந்தது சரியாக 3 பரப்பு, 54 குழி. அப்போதே 5 குழி குறைவு, ஆனால் அதற்குப் பிறகு எழுதிய உறுதியிலும் யாரும் அதைத் திருத்தவில்லை, பழைய உறுதியின் அட்டவணையைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கிறார்கள். இப்போது அளந்தது 2 பரப்பு 15¾ குழி. ஏன் இன்னும் குறைந்தது? ஒழுங்கையை அகலித்தபோது முன்பக்கம் 56 அடி நீளத்துக்கு 6 அடி போயிருக்கிறது. 336 சதுர அடி, 2¼ குழிக்குக் கிட்ட. கணக்கு அச்சொட்டாக வந்தது. யாரும் களவெடுக்கவில்லை. ஆனால் இந்தக் காணியை 3 பரப்பு 5 குழி என்று சொல்லி விற்றிருந்தால் வாங்கியவருக்கு 7¼ குழி, ஏறத்தாழ 1,100 சதுர அடி இல்லாத நிலத்துக்குக் காசு வாங்கியிருப்போம், அவர் அதை ஆச்சியின் பக்கம்தான் தேடியிருப்பார்.

உங்கள் ஒவ்வொருவரின் உறுதியிலும் இப்படி ஒரு கதை இருக்கக்கூடும். அந்தக் காலத்தில் கண்மதிப்பாகவும் கயிறு பிடித்தும் எழுதிய பரப்புக் கணக்குத்தான் பல உறுதிகளில் பேரன் பேத்தி காலம்வரை வந்திருக்கிறது. கிடுகு வேலி வருடம் வருடம் அடைக்கும்போது கதியால் அரைச் சாண் இங்காலும் அங்காலும் நகரும். ஒழுங்கை அகலும். பங்குக் கிணற்றுக்குப் போகும் வழி வாய்க்கால் மதிலுக்குள் போய்விடும். 16 பரப்பு ஓர் ஏக்கர், 160 பேர்ச்சஸும் ஓர் ஏக்கர், ஆக ஒரு பரப்பு 10 பேர்ச்சஸ் என்று மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம், அது சரிதான், ஆனால் உறுதியில் இருக்கிற இலக்கம் தரையில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. எல்லைகள் தெளிவாக இருந்தால் உறுதியில் எழுதிய அளவை விட எல்லைக்கே நீதிமன்றம் பொதுவாகப் பெறுமதி கொடுக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

காணி கைமாற வேண்டும் என்றால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின்படி உறுதி எழுதுகிற நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிக்கும் முன்னால் எழுதவேண்டும், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் புதிய பிளான் இல்லாமலும் உறுதி எழுதலாம். அந்த இடைவெளிக்குள்தான் இத்தனை வேலிச் சண்டையும். "நொத்தாரிசு எழுதித் தந்துவிட்டார்தானே, பிறகு என்ன" என்று கேட்கிறீர்கள். நொத்தாரிசு உங்கள் வளவுக்குள் வந்து நிற்கவில்லை, அவர் பார்த்தது தாளை.

சரி, யாரைப் பிடிப்பது? இங்கேதான் அதிகம் ஏமாறுகிறீர்கள். அளப்பதற்கு ஆள் இருக்கிறது என்று புறோக்கர் சொல்வார். மேசன் ஒருவர் நாடாவோடு வருவார், அல்லது கணினியில் படம் கீறத் தெரிந்த ஒரு பெடியன் வருவான். வடிவான தாளில், வடக்கு அம்புக்குறியெல்லாம் போட்டு, பார்த்தால் அசல் பிளான் மாதிரியே தருவார்கள். எங்கள் குறிச்சியில் ஒருவர் அப்படிக் கீறிய தாளை நம்பி மதில் கட்டிவிட்டு, பிறகு வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போனபோது அதை ஏற்கவில்லை. திரும்ப உரிய ஆளைப் பிடித்து அளந்தால் மதிலின் ஒரு மூலை ஒழுங்கைக்குள். இடித்தார். மதிலுக்கு அனுப்பிய காசு மகன் சூரிச்சில் இரவு வேலை செய்து உழைத்தது.

நம் நாட்டில் காணி அளக்கிற தொழிலுக்கு 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க அளவைச் சட்டம் இருக்கிறது. அதன்படி அமைந்த சபையில் பதிந்த, ஒவ்வொரு வருடமும் தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கிற நில அளவையாளர்தான் உங்கள் காணியை அளந்து பிளான் தரலாம். ஆகவே ஆளைப் பிடிக்கும்போது பதிவு இருக்கிறதா, இந்த வருடத்து உரிமம் இருக்கிறதா என்று நேரே கேளுங்கள். நல்ல சர்வேயர் இதற்குக் கோபிக்க மாட்டார், எனக்கு வந்தவர் நான் கேட்க முதலே எடுத்துக் காட்டினார். அரசாங்க நில அளவைத் திணைக்களம் 1800 ஆவணியில் தொடங்கிய பழைய திணைக்களம், அதில் வேலை செய்கிறவர்கள் அரச வேலைக்கு, உங்கள் தனிக் காணிக்கு நீங்கள் காசு கொடுத்து அமர்த்துவது உரிமம் பெற்ற தனியாரைத்தான். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு "கச்சேரிக்கு, மாவட்டச் செயலகத்துக்குச் சொல்லி ஒருவரை அனுப்பச் சொல்லுங்கோ" என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கூலி எவ்வளவு என்று எல்லோரும் முதலில் கேட்பது. காணியின் அளவு, எத்தனை மூலை, பற்றை எவ்வளவு, பழைய பிளான் இருக்கிறதா, எத்தனை துண்டாகப் பிரிக்கவேண்டும், எவ்வளவு தூரம் வரவேண்டும் என்பதைப் பொறுத்து அது மாறும். இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள், ஆனால் தொகையை மட்டும் கேட்காமல் அந்தத் தொகைக்குள் எல்லைக் கல் போடுவதும் பழைய பிளானைப் பொருத்திப் பார்ப்பதும் அடங்குமா, கையெழுத்திட்ட பிரதி எத்தனை தருவார் என்றும் கேளுங்கள். பற்றை வெட்டுவது எங்கள் வேலை, அதற்குத் தனியாகக் கூலிக்கு ஆள் பிடிக்கவேண்டும், பற்றைக்குள் கருவியின் பார்வை போகாது. கேட்ட தொகையை இன்றைக்கு உங்கள் ஊரில் ஒரு பரப்பு போகிற விலையோடு வைத்துப் பாருங்கள். எனக்கு அது பாரமாகத் தெரியவில்லை.

சிலர் கேட்கிறீர்கள், கூகுள் படத்தில் எல்லைக் கோடு தெரிகிறதே, கைபேசியிலேயே அளக்கலாமே என்று. என் பெறாமகன் ஒருவன் லண்டனில் இருந்தபடியே கோடு கீறி அனுப்பினான். கைபேசியின் ஜிபிஎஸ் சில மீற்றர் பிசகும். 3 மீற்றர் என்று வைப்போம், ஏறத்தாழ 10 அடி. 100 அடி நீளப் பக்கத்தில் 10 அடி பிசகினால் 1,000 சதுர அடி, 6½ குழிக்கு மேல். வயல்வெளியில் அது பெரிதாகத் தெரியாது, 3 பரப்பு வளவில் அது ஒருவருடைய குசினி.

அளவையாளரால் செய்ய முடியாததையும் சொல்லவேண்டும். காணி யாருடையது என்று அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். பிளான் கையில் இருந்தால் காணி எங்களுடையது ஆகிவிடாது, அது உறுதியையும் பதிவையும் பார்த்து நொத்தாரிசும் சட்டத்தரணியும் சொல்லவேண்டியது. பக்கத்துக்காரர் எல்லையை ஏற்காவிட்டால் உங்கள் பிளான் அவரைக் கட்டுப்படுத்தாது, கடைசியில் மாவட்ட நீதிமன்றம்தான், அங்கே நீதிமன்றமே ஒரு அளவையாளருக்கு ஆணை கொடுத்து அளப்பிக்கும். அதனால்தான் அளக்கிற நாளை எல்லைக்காரர் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லச் சொல்கிறேன். அவர்கள் வெளிநாட்டில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு செய்தி போடுங்கள். ஒளித்து அளந்தால் சரியாக அளந்த பிளானுக்கும் சந்தேகம்தான் மிஞ்சும்.

இன்னொன்று, இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். "சர்வேயரிட்டைச் சொல்லி ஒரு ரெண்டு குழி கூட்டிப் போடச் சொல்லுங்கோ, பக்கத்திலை இப்ப ஒருத்தரும் இல்லைத்தானே" என்று என்னிடம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பக்கத்தில் ஒருத்தரும் இல்லாதது ஏன் என்று உங்களுக்கே தெரியும். அவர்களும் உங்களைப் போல ஓடியவர்கள். இதற்கு நான் ஒருநாளும் உடன்பட மாட்டேன், உரிமத்தை மதிக்கிற எந்த அளவையாளரும் உடன்பட மாட்டார்.

பங்குக் காணி வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். அம்மம்மாவின் பெயரில் இருந்து நாலு பிள்ளைகளுக்கு இறங்கி, அதில் உங்களுக்கு வந்தது பிரிபடாத நாலில் ஒன்று என்றால், அந்த நாலில் ஒன்று தரையில் எங்கே என்று எந்தச் சர்வேயராலும் காட்ட முடியாது, ஏனென்றால் அது இன்னும் எங்கேயும் இல்லை. முழுக் காணியையும் அளந்து, பங்காளிகள் எல்லோரும் ஒத்துக்கொண்டு, துண்டுகளாகப் பிரித்துப் பிளான் போட்டு, அந்தப் பிரிப்புக்குப் பிரதேச சபையின் அனுமதியும் எடுத்துப் பிறகு பிரிவிடல் உறுதி எழுதவேண்டும். ஒத்துவராவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் வழக்கு, அது பல வருடம் இழுக்கும். நாலு பேரில் ஒருவர் மட்டும் "என்ரை பக்கம் கிழக்கு" என்று தானே முடிவு செய்து விற்க வெளிக்கிட்டால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது, அதிலும் மாட்டுவீர்கள். நாலு பேரும் உயிரோடு, கதைபேச்சோடு இருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை சூமில் கூடி முடிவெடுங்கள். பிள்ளைகள் காலத்துக்கு விட்டால் நாலு பேர் பதினான்கு பேராவார்கள், அவர்களில் பாதிப் பேருக்கு உறுதியை வாசிக்கவே தெரியாது.

காணி அங்கேதானே கிடக்கிறது, எங்கே போகப்போகிறது என்று இருக்கிறவர்களுக்கும் ஒரு சொல். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி உரிமையாளருக்கு எதிராக 10 வருடம் தடையில்லாமல் தன்னுடையது போல வைத்து ஆண்டுவந்த ஒருவர் அந்தக் காணிக்கு உரிமை கோரலாம். போரால் திரும்பி வர முடியாமல் போனவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டு வந்தார்கள், அது 1983 மேயில் இருந்து 2009 மே 18 வரையான காலத்தை அந்த 10 வருடக் கணக்கில் சேர்க்காமல் விடுவதைப் பற்றியது. அதற்குப் பிறகும் எத்தனை வருடம் ஓடிவிட்டது என்று எண்ணிப் பாருங்கள். அளந்து கல்லுப் போட்டால் மட்டும் போதாது, அந்தக் கல்லின் மேல் வேலி போட்டு, வருடத்துக்கு ஒரு தரமாவது யாரையாவது அனுப்பிப் பற்றை வெட்டுங்கள்.

இப்போது உங்களிடம் நான் கேட்பது. வீட்டில் சூட்கேசுகளை இறக்குங்கள். அப்பா அம்மா கொண்டுவந்த பழைய பைல், கோயில் கணக்குக் கொப்பி, கலியாண அல்பத்துக்குள் மடித்து வைத்த தாள், எல்லாவற்றையும் விரித்துப் பாருங்கள். உறுதி, தாய் உறுதி, பழைய பிளான், உள்ளூர்ச் சபைக்குக் கட்டிய சோலை வரித் துண்டு எது இருந்தாலும் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள், பிளான் என்றால் மடிப்புக் கிழியாமல் மூலத்தையே அனுப்புங்கள். நாலு பக்க எல்லைக்காரர் இப்போது யார், எந்த நாட்டில், அவர்களின் பிள்ளைகள் யார் என்று உங்கள் அம்மாவிடம், பெரியம்மாவிடம் கேட்டு எழுதிவையுங்கள். முதியோர் இல்லத்தில் இருக்கிறா, ஞாபகம் மங்குகிறது என்றால் இந்தக் கிழமையே கேளுங்கள், அன்றாடம் சாப்பிட்டதை மறந்தவர்களும் வளவின் கிணறும் மரமும் சொல்வார்கள், நான் கண்டிருக்கிறேன்.

மாசியில் என்னோடு கோபித்த மச்சாளுக்கும் இதே சொல்தான். உங்கள் அம்மாவின் காணியின் தெற்குப் பக்கம் நிற்கிற அந்தப் பூவரசுகளைப் பற்றி நான் எங்கள் பக்கத்து வளவு ஆச்சியிடம் கேட்டேன். அவவுக்கு இப்போது 84 வயது. அந்தக் காணி அவவின் தாய்மாமன் ஒரு காலத்தில் தோட்டம் செய்த காணியாம், எல்லை பூவரசில் இல்லை, அதற்கு வடக்கே ஒரு கல் இருந்தது, தான் சின்னப் பெட்டையாய் அதில் ஏறி நின்று நாவற்பழம் பொறுக்கியது என்கிறா. அந்த இடத்தைக் காட்டுவீங்களோ என்று கேட்டேன். கால் ஏலாது, ஆனால் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனால் காட்டுவேன் என்றா.

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். 25 நாளில் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். சர்வேயரிடம் நான் இப்போதே நாள் கேட்டுவைக்கிறேன், பற்றையும் வெட்டுவித்து வைக்கிறேன். ஆச்சிக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, ஆகவே காலை ஏழு மணிக்கே வளவுக்கு வந்துவிடுங்கள், அம்மாவின் பழைய உறுதியை மறக்காமல் கொண்டு வாருங்கள்.